துந்திரா பசுமையானால் கணக்கு நேராகிவிடுமா?

கேள்வியின் சாரம் இது: வடதுருவப் பகுதியின் உறைநிலம் இளகினால் உள்ளே இருக்கும் மீத்தேன் மொத்தமாக வெளியே வந்து நிலைமை கைமீறிப் போய்விடும் என்று ஒரு பக்கம் சொல்கிறார்கள். வெப்பம் கூடினால் அங்கே செடிகள் நன்றாக வளரும், துந்திரா (மரங்கள் வளராத வடதுருவச் சமவெளி) ஏற்கெனவே பசுமையாகி வருகிறது, அதுவே கார்பனை உறிஞ்சிக்கொள்ளும் என்று இன்னொரு பக்கம் சொல்கிறார்கள். எதை நம்புவது, இதையெல்லாம் எப்படித்தான் அளக்கிறார்கள்?

முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். குண்டு மாதிரி வெடிக்காது. பசுமையும் காப்பாற்றாது. நடப்பது மெதுவான ஒரு கசிவு, ஆனால் ஒருமுறை தொடங்கினால் பல நூறு ஆண்டுகளுக்குத் திருப்ப முடியாத கசிவு. அதன் வேகத்தைக் கோடை வெயிலைவிட அதிகமாகத் தீர்மானிப்பவை குளிர்காலமும் மண்ணுக்குள் இருக்கும் பனிக்கட்டியும்தான். செய்திகளில் இந்த இரண்டும் அநேகமாக வருவதே இல்லை, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

தொடர்ந்து குறைந்தது 2 ஆண்டுகள் 0 டிகிரி செல்சியஸுக்கு மேல் போகாத நிலத்தைத்தான் உறைநிலம், ஆங்கிலத்தில் பெர்மாஃப்ரொஸ்ட், என்கிறார்கள். மண், பாறை, மணல், செத்த செடிகள் படிந்த பீட் மண் எதுவாகவும் இருக்கலாம். வரையறையில் வெப்பநிலை மட்டும்தான் உண்டு, பனிக்கட்டி இருந்தாக வேண்டும் என்ற கட்டாயம்கூடக் கிடையாது. வட அரைக்கோள நிலப்பரப்பில் ஏறக்குறைய 15 சதவீதத்துக்கு அடியில் இது இருக்கிறது. தெற்கு ஓரங்களில் சில மீட்டர் ஆழம்தான், வடக்கு சைபீரியாவின் சில இடங்களில் 1,400 மீட்டருக்கும் மேல். சைபீரியாவின் யாகுட்ஸ்க் நகரில் ஷெர்கின் என்பவர் 1828-இல் ஒரு கிணறு வெட்டத் தொடங்கி 1837 வரை தோண்டிக்கொண்டே போனார், 116 மீட்டர் ஆழத்திலும் உறைந்த மண்தான் வந்தது. 1840-களில் மிடென்டார்ஃப் என்ற இயற்கை ஆய்வாளர் அதே குழிக்குள் வெவ்வேறு ஆழங்களில் வெப்பநிலையை அளந்தார். இந்தத் துறைக்கு உருப்படியான எண்கள் கிடைக்கத் தொடங்கியது அப்போதுதான்.

உறைநிலத்துக்கு மேலே, கோடையில் இளகிக் குளிரில் மறுபடி உறையும் ஒரு மேலடுக்கு உண்டு. துந்திராவில் பல இடங்களில் அது முழங்கால் அளவுகூட வராது. வேர்கள், பூச்சிகள், நுண்ணுயிர்கள் எல்லாம் இதற்குள்தான் வாழ்ந்தாக வேண்டும். அடியில் தரை உறைந்து கிடப்பதால் தண்ணீர் கீழே இறங்காது, அதனால் மழை மிகக் குறைவாகப் பெய்யும் பகுதியிலும் நிலம் சொதசொதவென்று இருக்கும். ஈரமும் குளிரும் சேர்ந்தால் செத்த செடி மக்காது. ஒவ்வோர் ஆண்டும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்து, மேலே மண் படியப் படியக் கீழே இருப்பது உறைநிலத்துக்குள் போய்விடும். இப்படிப் பல பத்தாயிரம் ஆண்டுகளாகச் சேர்ந்த கரிமப் பொருளில் இருக்கும் கார்பன் சுமார் 1.5 லட்சம் கோடி டன். இன்று வளிமண்டலத்தில் இருக்கும் கார்பனைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு.

பயம் கிளப்பும் தலைப்புகள் எல்லாம் இந்த எண்ணிலிருந்துதான் பிறக்கின்றன. எண் சரிதான். ஆனால் இது இருப்பு, வரத்து இல்லை. இருப்பில் பெரும்பகுதி அடுத்த நூறு ஆண்டுகளில் இளகவே இளகாத ஆழத்திலும் குளிரிலும் இருக்கிறது. இளகும் பகுதியிலும் எல்லாமே உடனே மக்கிவிடாது. நுண்ணுயிர்கள் எளிதில் தின்னக்கூடியதை முதலில் தின்றுவிட்டு மீதியைப் பல பத்தாண்டுகள் இழுத்துக்கொண்டு போகும்.

ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐபிசிசியின் ஆறாவது அறிக்கை (2021) தரும் மதிப்பீட்டை அப்படியே சொல்கிறேன். உலக வெப்பம் ஒரு டிகிரி கூடினால் 2100-க்குள் உறைநிலத்திலிருந்து கார்பன் டை ஆக்சைடாக வெளியேறும் கார்பன் சுமார் 1,800 கோடி டன். கீழ் எல்லை 310 கோடி, மேல் எல்லை 4,100 கோடி. எல்லைகள் எவ்வளவு விலகி நிற்கின்றன பாருங்கள், அந்த விலகலே இந்தத் துறையின் இன்றைய நிலையைச் சொல்லிவிடும். நடு எண்ணைக் கார்பன் டை ஆக்சைடு எடைக்கு மாற்றினால் சுமார் 6,600 கோடி டன். நிலக்கரி, எண்ணெய், எரிவாயு எரித்து மனிதர்கள் ஒரே ஆண்டில் விடுவது சுமார் 3,700 கோடி டன். அதாவது ஒரு டிகிரிக்கு உறைநிலம் இந்த நூற்றாண்டு முழுக்கத் தருவது, நாம் இரண்டே ஆண்டுகளில் விடுவதைவிடச் சற்றுக் குறைவு.

இதைக் கேட்டுவிட்டு "அப்போ பெரிய விஷயமில்லை" என்று சிலர் எழுதுகிறார்கள், எனக்கு அதில் உடன்பாடே இல்லை. உலக வெப்ப உயர்வு 1.5 டிகிரிக்குள் நிற்க வேண்டுமானால் இன்னும் விடக்கூடிய கார்பன் டை ஆக்சைடின் அளவு மிகச் சிறியது. அதிலிருந்து சில ஆயிரம் கோடி டன்னை யாருடைய கையெழுத்தும் இல்லாமல் நிலம் தானாக எடுத்துக்கொள்கிறது என்றால் அது பெரிய விஷயம்தான். தவிர அந்த மதிப்பீட்டுக்கு அடிப்படையான கணினி மாதிரிகளில் பெரும்பாலானவை நிலம் மேலிருந்து கீழாக, சீராக, ஆண்டுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக இளகும் என்று வைத்துக்கொண்டவை. நிஜத்தில் அப்படி மட்டும் நடப்பதில்லை, அதற்குப் பிறகு வருகிறேன்.

மீத்தேன் பற்றி ஒரு வார்த்தை. ஒரே எடைக்கு 20 ஆண்டுக் கணக்கில் மீத்தேன் கார்பன் டை ஆக்சைடைவிட 80 மடங்கு அளவுக்கு வெப்பத்தைப் பிடிக்கும், ஆனால் 12 ஆண்டு வாக்கில் சிதைந்துவிடும். தண்ணீர் தேங்கி ஆக்சிஜன் இல்லாத மண்ணில்தான் அது உருவாகும். வடிந்த மண்ணில் கார்பன் டை ஆக்சைடுதான் வரும். பல ஆய்வகங்கள் உறைமண்ணை அடைத்துவைத்துப் பார்த்த சோதனைகளைத் தொகுத்து 2016-இல் ஓர் ஆய்வு வந்தது: ஆக்சிஜன் உள்ள மண் மற்றதைவிட 3.4 மடங்கு அதிகக் கார்பனை விடுகிறது, மீத்தேனின் கூடுதல் வீரியத்தைச் சேர்த்துக்கொண்டாலும் மொத்த விளைவில் காய்ந்த மண்தான் முந்துகிறது. இதைப் பலர் எதிர்பார்க்கவில்லை. அப்புறம், கடந்த பனியுகம் முடிந்து பூமி சூடான காலத்தில் உறைநிலத்தின் பழைய கார்பனிலிருந்து மீத்தேன் பெருவெள்ளமாக வந்ததா என்பதை அண்டார்க்டிகாவின் டெய்லர் பனியாற்றில் எடுத்த பழங்காலக் காற்றை வைத்துச் சோதித்தார்கள். 2020-இல் வந்த முடிவு, அந்தப் பங்கு மிகச் சிறியது. மீத்தேன் பற்றி நான் பதறாமல் இருப்பதற்கு இதைவிட நல்ல காரணம் வேறு இல்லை.

சரி, பசுமைக்கு வருவோம். துந்திரா பசுமையாகிறது என்பது உண்மைதான். அலாஸ்காவின் வடக்குச் சரிவில் 1940-களில் எண்ணெய் தேடியபோது விமானத்திலிருந்து எடுத்த படங்களை வைத்துக்கொண்டு, கென் டேப், மேத்யூ ஸ்டர்ம், சார்லஸ் ரசீன் மூவரும் அரை நூற்றாண்டு கழித்து அதே இடங்களை அதே கோணத்தில் எடுத்த படங்களோடு ஒப்பிட்டார்கள். வில்லோ, பிர்ச், ஆல்டர் புதர்கள் ஆற்றோரங்களிலும் சரிவுகளிலும் அடர்ந்து உயர்ந்திருந்தது வெறும் கண்ணுக்கே தெரிந்தது; 2001-இல் வெளியிட்டார்கள். செயற்கைக்கோள் படங்களும் பல பகுதிகளில் இதையே காட்டுகின்றன. எல்லா இடத்திலும் அல்ல, சில பகுதிகள் பழுப்பாகியும் இருக்கின்றன. 1990-இல் தொடங்கிய ஐடெக்ஸ் என்ற பன்னாட்டுச் சோதனை பல நாடுகளின் துந்திராவில் மேல்மூடி இல்லாத சிறு ஒளிபுகும் கூடுகளை வைத்து உள்ளே ஓரிரு டிகிரி வெப்பத்தைக் கூட்டிப் பார்த்து வருகிறது. அங்கும் புதர்கள் உயர்கின்றன, பாசியும் லைக்கன் என்ற கற்பாசியும் பின்வாங்குகின்றன.

இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த ஆய்வைச் சொல்ல வேண்டும். அலாஸ்காவில் ஹீலி என்ற ஊருக்குப் பக்கத்தில் எய்ட் மைல் ஏரி இருக்கிறது. அங்கே சூழலியல் ஆய்வாளர் டெட் ஷூர் குழுவினர் மூன்று இடங்களைத் தேர்ந்தெடுத்தார்கள்: அதிகம் இளகாத இடம், கடந்த 15 ஆண்டு வாக்கில் இளகத் தொடங்கிய இடம், பல பத்தாண்டுகளுக்கு முன்பே இளகிவிட்ட இடம். மண்ணிலிருந்து வரும் வாயுவில் கதிரியக்கக் கார்பனை அளந்தால், வெளியே வருவது போன ஆண்டு இலையின் கார்பனா, ஆயிரம் ஆண்டு பழைய கார்பனா என்று பிரித்துவிடலாம். 2009-இல் வந்த முடிவு: 15 ஆண்டு இளகிய இடத்தில் பழைய கார்பன் கூடுதலாகத்தான் வெளியேறியது, ஆனால் செடிகளும் வேகமாக வளர்ந்ததால் நிகரக் கணக்கில் அந்த நிலம் கார்பனை உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது. பல பத்தாண்டுகள் முன்பே இளகிய இடத்திலோ, செடிகள் இன்னும் நன்றாக வளர்ந்திருந்தும் பழைய கார்பன் இழப்பு, அதிகம் இளகாத இடத்தைவிட 78 சதவீதம் அதிகம். நிகரக் கணக்கில் அந்த நிலம் கார்பனை வெளியே விட்டுக்கொண்டிருந்தது.

உங்கள் கேள்விக்கான பதில் இதற்குள்ளேயே இருக்கிறது என்பேன். முதல் பத்துப் பதினைந்து ஆண்டுகள் மட்டும் ஒரு நிலத்தைப் பார்ப்பவருக்குப் பசுமை ஜெயிப்பது போலத்தான் தெரியும். அவர் பொய் சொல்லவில்லை, அவர் பார்த்தது அந்தக் கட்டம். ஒரு புதர் எவ்வளவு உயர வளர முடியும், அதன் தண்டிலும் இலையிலும் எவ்வளவு கார்பன் நிற்க முடியும் என்பதற்கு ஓர் உச்சம் உண்டு. அடியில் மக்கத் தொடங்கியிருப்பதோ பல ஆயிரம் ஆண்டுச் சேமிப்பு.

குளிர்காலத்தைச் சேர்த்தால் கணக்கு இன்னும் சாய்கிறது. துந்திராவில் செடிகள் வேலை செய்வது சில மாதங்கள்தான், நுண்ணுயிர்கள் ஆண்டு முழுக்க. மைனஸ் சில டிகிரியிலும் மண்துகள்களைச் சுற்றி மெல்லிய திரவ நீர்ப்படலம் இருக்கும், அது போதும் அவற்றுக்கு. தவிர இலையுதிர்காலத்தில் ஒரு வினோதம் நடக்கிறது: வெளியே காற்று கடுங்குளிருக்குப் போய்விட்டாலும், மேலடுக்கில் இருக்கும் தண்ணீர் உறையும்போது வெளிவிடும் வெப்பத்தால் மண் வாரக்கணக்கில், ஈரமான இடங்களில் மாதக்கணக்கில் 0 டிகிரியிலேயே நின்றுவிடும். அந்தக் காலம் முழுக்க மக்குதல் நடக்கிறது, மேலே ஒளிச்சேர்க்கை செய்ய ஒரு பச்சை இலை இல்லை. 2019-இல் சூசன் நடாலி தலைமையில் பலர் சேர்ந்து வடக்கின் உறைநிலப் பகுதி முழுவதற்கும் குளிர்கால அளவீடுகளைத் தொகுத்தார்கள்: அக்டோபர் முதல் ஏப்ரல் வரை வெளியேறுவது ஆண்டுக்கு சுமார் 166 கோடி டன் கார்பன், வளரும் பருவத்தில் செடிகள் நிகரமாக இழுப்பது மாதிரிகளின்படி சுமார் 103 கோடி டன். குளிர்காலத்தில் அங்கே போய் அளப்பவர்கள் மிகக் குறைவு என்பதால் நெடுங்காலம் அந்தப் பாதிக் கணக்கு அநேகமாகக் காலியாகவே இருந்தது, பல மாதிரிகளில் அதைப் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார்கள்.

இதில் புதர்களின் பங்கும் சிக்கலானது. கோடையில் நிழல் தந்து மண்ணைக் குளிர்விக்கும். குளிர்காலத்தில் காற்று அடித்துக்கொண்டு போகும் பனியைப் பிடித்து நிறுத்தும், அந்தப் பனி ஒரு போர்வையாகி மண்ணின் சூட்டை வெளியே விடாது. ஆக மேலே பசுமை கூடிய அதே இடத்தில் கீழே குளிர்காலம் பலமிழக்கிறது. இதைத் தனியாகச் சோதிக்க ஹீலியிலேயே 2008-இல் இன்னொரு சோதனை தொடங்கினார்கள். பனித்தடுப்பு வேலிகளைக் கட்டிக் குளிர்காலம் முழுக்கப் பனியைக் குவிய விட்டார்கள்; வசந்தத்தில் கூடுதல் பனியை மட்டும் மண்வாரியால் அள்ளி வெளியே கொட்டினார்கள், இல்லாவிட்டால் அது உருகும் தண்ணீரும் சேர்ந்து முடிவைக் குழப்பிவிடும். கோடை வெப்பத்தைத் தொடாமல் பனியை மட்டும் கூட்டியதிலேயே உறைநிலம் கீழே கீழே இளகிக்கொண்டு போனது.

இப்போது பனிக்கட்டி. ஒரு கன மீட்டர் உறைநிலத்தில் பனிக்கட்டி எவ்வளவு என்பதைப் பொறுத்து அதன் கதையே வேறாகிவிடும். பாறையோ மணலோ என்றால் இளகினாலும் நிலம் நிலமாகவே இருக்கும். சைபீரியாவிலும் அலாஸ்காவிலும் யெடோமா என்ற வண்டல் இருக்கிறது, பனியுகத்தில் காற்று கொண்டுவந்து கொட்டிய நுண்துகள். அதில் சில இடங்களில் கன அளவில் பாதிக்கு மேல் பனிக்கட்டி. குளிரில் நிலம் வெடிக்க, வெடிப்பில் வசந்தத்தின் உருகுநீர் இறங்கி உறைய, ஆண்டுக்கு ஆண்டு அது பருக்க, பல மீட்டர் அகலமும் பல பத்து மீட்டர் ஆழமும் கொண்ட பனிக்கட்டி ஆப்புகள் உள்ளே நிற்கின்றன. அது உருகினால் நிலத்தின் கன அளவே காணாமல் போகிறது. தரை அமுங்கிக் குளமாகிறது, குளத்தின் தண்ணீர் அடியை மேலும் இளக்குகிறது, சரிவான இடம் என்றால் மண் சேறாகிப் பெயர்ந்து ஓடுகிறது.

சைபீரியாவின் வெர்கோயான்ஸ்க் பகுதியில் இருக்கும் பட்டகாய் சரிவு இதற்கு மிகப் பெரிய எடுத்துக்காட்டு. 1960-கள் வாக்கில் காட்டை அழித்த இடத்தில் சின்ன அரிப்பாகத் தொடங்கியது, இன்று ஒரு கிலோமீட்டர் அளவுக்கு அகலம், 50 மீட்டருக்கு மேல் செங்குத்தான சுவர், ஆண்டுக்கு சுமார் 10 லட்சம் கன மீட்டர் மண்ணும் பனிக்கட்டியும் இழக்கிறது. அதன் அடியில் கிடைத்த உறைநிலம் ஏறக்குறைய 6.5 லட்சம் ஆண்டுப் பழையது, சைபீரியாவில் தெரிந்தவற்றிலேயே மிகப் பழையது. நடுவில் வந்த வெப்பமான காலங்களை எல்லாம் தாங்கி நின்ற நிலம், மேலே இருந்த மரமும் பாசியும் போனதும் சில பத்தாண்டுகளில் திறந்துகொண்டது. எனக்கு இதிலிருந்து படுவது, ஆழத்தில் இருக்கும் உறைநிலம் பிடிவாதமானதுதான், அதன் பாதுகாப்பு மேலே இருக்கும் மெல்லிய தாவரத் தோலில் இருக்கிறது என்பதே.

இப்படித் திடீரென்று சரிந்து இளகக்கூடிய பகுதி மொத்த உறைநிலப் பரப்பில் 20 சதவீதத்துக்கும் குறைவுதான். ஆனால் உறைநிலக் கார்பனில் பாதியைப் பாதிக்கக்கூடியது என்று மெரிட் டுரெட்ஸ்கி குழு 2020-இல் கணக்கிட்டது. மேலே ஒத்திப்போட்ட விஷயம் இதுதான்: ஐபிசிசி எண்ணுக்குப் பின்னால் இருந்த மாதிரிகளில் இந்தச் சரிவுகளும் தீயும் அநேகமாகக் கிடையாது.

தீயும் சாதாரண விஷயமில்லை. 2007-இல் அலாஸ்காவின் அனாக்டுவுக் ஆற்றுப் பகுதியில் துந்திராவே எரிந்தது, 1,039 சதுர கிலோமீட்டர். ஒரே தீயில் 21 லட்சம் டன் கார்பன் போனது. 20-ஆம் நூற்றாண்டின் கடைசிக் கால் பகுதியில் உலகத்தின் துந்திரா முழுவதும் ஒரு சராசரி ஆண்டில் சேர்த்ததற்கு ஏறக்குறைய சமம் அது. எரிவது மேலே இருக்கும் செடியோடு நிற்காது, பாசி மெத்தையும் போய்விடும், பிறகு பல ஆண்டுகள் அந்த நிலம் வெயிலுக்குத் திறந்து கிடக்கும். தீயையும் சேர்த்துப் பார்த்தால் துந்திரா இப்போது கார்பனைச் சேமிக்கும் இடம் என்ற நிலையிலிருந்து வெளியிடும் இடமாக மாறிவிட்டது என்று அமெரிக்காவின் கடல், வளிமண்டல ஆய்வு அமைப்பான நோவா வெளியிட்ட 2024 ஆர்க்டிக் அறிக்கை சொல்கிறது. "பசுமை காப்பாற்றுமா" என்ற கேள்விக்கு இன்றைய நேரடியான பதில் அது.

எப்படி அளக்கிறார்கள் என்று கேட்டிருந்தீர்கள். மிக எளிய கருவி ஓர் உலோகக் கம்பி. கோடை முடியும்போது அதை மண்ணில் குத்தி, உறைந்த தரையில் முட்டும் ஆழத்தைக் குறித்துக்கொள்வார்கள்; 1991-இல் தொடங்கிய கால்ம் என்ற வலையமைப்பு பல நாடுகளில் கட்டம் போட்டு ஆண்டுதோறும் இதைச் செய்கிறது. இதில் ஒரு பொறி உண்டு. பனிக்கட்டி நிறைந்த நிலம் இளகும்போது தரையே கீழே இறங்கிவிடும், கம்பி காட்டும் ஆழம் போன ஆண்டு மாதிரியே இருக்கும், இளகவில்லை என்று நினைத்துக்கொள்வோம். அதனால் இப்போது தரையின் உயரத்தையும் ஜிபிஎஸ் வைத்துச் சேர்த்தே அளக்கிறார்கள்.

அடுத்தது ஆழ்துளைகள். 10 முதல் 20 மீட்டர் ஆழத்துக்குக் கீழே கோடை-குளிர் ஏற்ற இறக்கம் எட்டாது, அங்கே தெரியும் மாற்றம் காலநிலையின் மாற்றம்தான். நார்வேயின் ஸ்வால்பார்டு தீவுகளில் ஜான்சன்ஹாகன் என்ற இடத்தில் 1998-இல் போட்ட 102 மீட்டர் துளை இன்றும் தரவு தருகிறது. இப்படிப் பல துளைகளைச் சேர்த்துப் பார்த்தால் 2007 முதல் 2016 வரை உலக உறைநிலத்தின் வெப்பநிலை சராசரியாக 0.29 டிகிரி கூடியிருக்கிறது, உறைநிலம் இடைவெளியின்றிப் பரவியிருக்கும் குளிர்ந்த பகுதியில் 0.39. மிகக் குளிர்ந்த நிலம்தான் வேகமாகச் சூடாகிறது, 0 டிகிரிக்கு அருகில் இருக்கும் தெற்கு நிலம் அவ்வளவாக நகரவில்லை. தெற்கு பத்திரமாக இருக்கிறது என்று இதற்கு அர்த்தமில்லை. பனிக்கட்டியை உருக்க ஏராளமான வெப்பம் வேண்டும், வருகிற வெப்பமெல்லாம் அதிலேயே போவதால் வெப்பமானி நகராமல் நிற்கிறது. நிலம் உள்ளுக்குள் இளகிக்கொண்டிருக்கும். வெப்பநிலை மாறவில்லையே என்று யாராவது ஒரு வரைபடத்தைக் காட்டினால், அந்த நிலம் எத்தனை டிகிரியில் இருக்கிறது என்று முதலில் பாருங்கள்.

வாயுக்களை அளக்க மண்ணின் மேல் கவிழ்க்கும் சிறு அறைகள், காற்றின் சுழற்சியையும் அதில் இருக்கும் வாயுவையும் நொடிக்குப் பல முறை அளக்கும் கோபுரங்கள். கோபுரத்துக்கு மின்சாரம் வேண்டும், இருண்ட குளிர்காலத்தில் கருவியில் உறைபனி படியாமல் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். அதனால்தான் சாலையும் நிலையமும் இருக்கும் இடங்களிலேயே ஆய்வு குவிந்துவிட்டது. 2018-இல் ஒரு குழு ஆர்க்டிக் கள ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, அவற்றுக்குக் கிடைத்த மேற்கோள்களில் சுமார் 31 சதவீதம், அலாஸ்காவின் டூலிக் ஏரி, ஸ்வீடனின் அபிஸ்கோ என்ற இரண்டே இடங்களின் 50 கிலோமீட்டர் தொலைவுக்குள் செய்த ஆய்வுகளுக்கானவை. மொத்த ஆர்க்டிக்கையும் பற்றி நாம் சொல்வதில் அவ்வளவு பங்கு இரண்டு புள்ளிகளிலிருந்து வருகிறது.

வடக்கின் உறைநிலத்தில் ஏறக்குறைய பாதி ரஷ்யாவில். லீனா ஆற்றின் டெல்டாவில் சமோய்லோவ் தீவில் ஜெர்மனியும் ரஷ்யாவும் 1998 முதல் சேர்ந்து அளந்துவந்தன. கோலிமா ஆற்றங்கரையில் செர்ஸ்கியில் செர்கேய் ஸிமோவ் நிறுவிய நிலையத்துக்கு உலகின் பல பக்கமிருந்தும் ஆட்கள் போய்வந்தார்கள். யெடோமாவின் கார்பனை உலகம் கவனிக்கத் தொடங்கியதில் ஸிமோவுக்குப் பெரிய பங்கு உண்டு. 2022-இல் உக்ரைன் போருக்குப் பிறகு மேற்கு நாடுகளுடனான அந்தக் கூட்டு வேலை பெரும்பாலும் நின்றுபோனது. ரஷ்ய நிலையங்களை எடுத்துவிட்டால் மிச்சமிருக்கும் வலையமைப்பு மொத்த ஆர்க்டிக்கையும் சரியாகப் பிரதிபலிக்காது என்று 2024-இல் ஆய்வே வந்துவிட்டது. காலநிலை அறிவியலில் இன்று எனக்கு மிகவும் கவலை தருவது இந்த ஓட்டைதான். செயற்கைக்கோள் இலையின் நிறத்தைக் காட்டும், தரை இறங்குவதைக் காட்டும், இரண்டு மீட்டர் கீழே இருக்கும் வெப்பநிலையைக் காட்டாது. பத்து ஆண்டு இடைவெளி விழுந்த தரவைப் பிறகு எவ்வளவு பணம் போட்டாலும் மீட்க முடியாது.

கார்பனை மட்டும் பேசிக்கொண்டிருந்தால் அங்கே வாழ்பவர்கள் மறைந்துவிடுகிறார்கள். 1979-லிருந்து ஆர்க்டிக் உலக சராசரியைவிட ஏறக்குறைய நான்கு மடங்கு வேகத்தில் சூடாகியிருக்கிறது. 2013 நவம்பரில் ரஷ்யாவின் யமால் தீபகற்பத்தில் பனியின் மேல் மழை பெய்து உறைந்து கெட்டியாகிவிட, அடியில் இருக்கும் லைக்கனைத் தோண்டி எடுக்க முடியாமல் அந்தக் குளிர்காலத்தில் 61,000 துருவமான்கள் பட்டினியால் செத்தன. அவற்றை மேய்த்து வாழும் நெனெட்ஸ் குடும்பங்களுக்கு அது வாழ்வாதாரமே போனது மாதிரி. துந்திராவில் வலசை போகும் கரிபு மான்களின் கூட்டங்களும் கடந்த இருபது முப்பது ஆண்டுகளில் மொத்தத்தில் 65 சதவீதம் குறைந்துவிட்டன. புதர் பெருகியதால், ஓடைகளில் அணைகட்டும் பீவர் என்ற விலங்குகள் வடக்கே ஏறுகின்றன. அலாஸ்காவின் ஆர்க்டிக் பகுதியில் பீவர் அணைகட்டிய குளங்கள் 12,000-க்கு மேல் எண்ணப்பட்டிருக்கின்றன, பெரும்பாலான பகுதிகளில் 2003 வாக்கிலிருந்து இரட்டிப்பாகியிருக்கின்றன, ஒவ்வொரு குளத்தின் அடியிலும் நிலம் இளகுகிறது. அலாஸ்காவின் நியூடோக் கிராமத்து யூபிக் பழங்குடி மக்கள் ஆறும் இளகும் கரையும் ஊரைத் தின்றதால் 2019 முதல் மெர்டார்விக் என்ற புது இடத்துக்குக் குடிபெயர்ந்தார்கள். 2100 பற்றிய மாதிரிகளுக்காக அவர்கள் காத்திருக்க முடியவில்லை.

பழங்கால வைரஸ் பற்றியும் பலர் கேட்பதால் சேர்த்தே சொல்கிறேன். 30,000 ஆண்டுப் பழைய உறைமண்ணிலிருந்து 2014-இல் உயிர்ப்பித்த வைரஸ் அமீபாவைத் தாக்குவது, மனிதரை அல்ல. 2016-இல் யமாலில் ஆந்த்ராக்ஸ் வந்து ஒரு 12 வயதுச் சிறுவன் இறந்ததும் 2,000-க்கு மேற்பட்ட மான்கள் செத்ததும் நிஜம். அந்தக் கோடை கடுமையாகச் சுட்டது, பழைய சடலம் ஏதோ இளகி வெளிப்பட்டது என்பதுதான் பெரும்பாலோர் கருத்து. ஆனால் அங்கே மான்களுக்குத் தடுப்பூசி போடுவதை 2007-இல் நிறுத்தியிருந்தார்கள் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். அதை மறுபடி தொடங்கினார்கள்.

இளகும் நிலத்துக்கு "இந்த டிகிரியைத் தாண்டினால் எல்லாம் ஒரேயடியாகப் போய்விடும்" என்ற உலகளாவிய ஒற்றைக் கோடு கிடையாது என்று 2024-இல் ஒரு முக்கியமான ஆய்வு வாதிட்டது. எனக்கும் அது சரியாகவே படுகிறது. கோடுகள் உள்ளூர் அளவில் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன, ஒவ்வொரு சரிவுக்கும் ஒவ்வொரு குளத்துக்கும் தனித்தனியாக. வெப்பம் கூடக்கூட ஒவ்வொன்றாகத் தாண்டப்படும், மேலோட்டமான மூன்று மீட்டர் உறைநிலத்தின் கன அளவில் ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் கால் பங்கு போகும் என்பது ஐபிசிசி மதிப்பீடு. அதனால் 1.5-ஐத் தவறவிட்டால் 1.6-இல் நிறுத்துவதற்கும், 2-ஐத் தவறவிட்டால் 2.1-இல் நிறுத்துவதற்கும் அர்த்தம் உண்டு: ஒவ்வொரு பத்தில் ஒரு டிகிரிக்கும் எவ்வளவு நிலம் உறைந்தே இருக்கும் என்பது மாறுகிறது.